சார்ஜ் ஏறவில்லை என்றால் சார்ஜரைச் செருகிப் பார்க்கவும்

அனுப்புநர்:
சார்ஜர் வயரின் நீளத்துக்குள் வாழப் பழகிவிட்ட ஒரு பயனாளர்,
சுவர் பிளக்குக்கு மிக அருகில்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் உதவிப் பிரிவு,
லேப்டாப் உற்பத்தி நிறுவனங்கள் (அனைத்தும்).

பொருள்: பேட்டரிக் கோளாறுகளுக்காகத் தாங்கள் வெளியிட்டுள்ள தீர்வுக் கையேட்டைப் பாராட்டியும், அதில் விடுபட்டுள்ள ஒரே ஒரு வரியைச் சேர்க்கக் கோரியும்.

பார்வை: 1. தங்கள் கையேடு. 2. தங்கள் வாரண்டித் தாள், கடைசிப் பக்கம், பொடி எழுத்து.

ஐயா / அம்மையீர்,

லேப்டாப்பில் பேட்டரி நிற்கவில்லை என்று முறையிடுவோருக்காகத் தங்கள் பிரிவு ஆக்கி அளித்திருக்கும் கையேட்டுக்குப் பொறுமைப் பயிற்சி நூல்களில் நிகரே கிடையாது. சுவர் சுவிட்ச் போட்டிருக்கிறதா பாருங்கள்; பிளக் சரியாகப் பொருந்தியிருக்கிறதா பாருங்கள்; வேறு பிளக்கில் செருகிப் பாருங்கள்; வேறு சார்ஜரைப் போட்டுப் பாருங்கள்; மெஷினை அணைத்துவிட்டு பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள்; டிவைஸ் மேனேஜரில் பேட்டரி டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்; பயாஸை அப்டேட் செய்யுங்கள்; திரை வெளிச்சத்தைக் குறையுங்கள்; ப்ளூடூத்தை அணையுங்கள். இத்தனைக்கும் பிறகு சரியாகவில்லை என்றால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரை அணுகுங்கள். எந்த நிறுவனத்தின் கையேட்டை எடுத்தாலும் வரிசை ஏறக்குறைய இதுதான். விலையிலும் விளம்பரத்திலும் ஒருவரையொருவர் கடித்துக்கொள்ளும் நிறுவனங்கள் இந்த ஒரு விஷயத்தில் காட்டும் ஒற்றுமை புல்லரிக்க வைக்கிறது. வரிசையைக் கொஞ்சம் ஊன்றிப் படித்தால் அதன் அழகு இன்னும் துலங்கும். முதல் சந்தேகம் பயனாளர் வீட்டு மின்சாரத்தின் மீது. அடுத்தது அவருடைய சார்ஜர் மீது. அதற்கும் அடுத்தது அவருடைய பழக்கவழக்கங்கள் மீது. எல்லோரையும் விசாரிக்கும் இந்தப் பட்டியலில் பேட்டரியை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

கையேடு முழுவதும் வீண் என்று சொல்வது நியாயமாகாது. அடாப்டரைச் சோதிக்கச் சொல்வதில் பொருள் இருக்கிறது. சில மாடல்களில் சார்ஜர் முனையின் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். மின்சாரம் கடத்துவது அதன் வேலை அல்ல. ‘நான் இன்ன வாட் திறனுள்ள, இன்ன நிறுவனத்து அடாப்டர்’ என்று மெஷினுக்கு அடையாளம் சொல்வதுதான் அதன் வேலை. அது வளைந்தாலோ, அதன் வயர் உள்ளே அறுந்தாலோ, லேப்டாப் ஓடும்; பேட்டரி மட்டும் ஏறாது. டைப்-சி சார்ஜர் வந்த பிறகு இன்னொரு சிக்கல். 65 வாட் கேட்கும் மெஷினில் போனுக்கு வந்த 25 வாட் சார்ஜரைச் செருகினால், அது மெதுவாக ஏறும் அல்லது ஏறவே ஏறாது. பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதும் வெறும் மந்திரமில்லை. மதர்போர்டில் சார்ஜைக் கவனிக்கும் சிறிய சிப் எங்கேயோ சிக்கிக்கொண்டிருந்தால் அது மீண்டும் முதலிலிருந்து தொடங்க அந்த 30 வினாடி உதவும். இவையெல்லாம் நிஜமான கோளாறுகள், நிஜமான தீர்வுகள். ஆனால் மூன்று வருடம் ஓடிய ஒரு லேப்டாப் ஐந்து மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு இறங்கி நிற்கும்போது, ப்ளூடூத்தை அணைத்தால் மீதி மூன்றரை மணி நேரம் திரும்பி வந்துவிடாது என்பது தங்கள் பொறியாளர்களுக்குத் தெரியும். அதை எழுதத்தான் கையேட்டில் இடம் கிடைக்கவில்லை போலும்.

லித்தியம்-அயனி பேட்டரி தேயும் பொருள். 1991-ல் சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்தே இது தெரிந்த சங்கதி. அதை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கு 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதைச் சாகாவரம் பெற்றதாக ஆக்கியதற்காக யாருக்கும் பரிசு கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறும்போதும் லித்தியம் அயனிகள் கிராஃபைட் மின்முனைக்குள் போய் உட்காருகின்றன. அந்த மின்முனையின் மேல் மெல்லிய ஒரு படலம் உருவாகிறது. அந்தப் படலம் இல்லாவிட்டால் பேட்டரி வேலை செய்யாது. அது வளர வளர லித்தியத்தில் ஒரு பங்கு அதற்குள் சிறைப்பட்டுப்போகிறது. சிறைப்பட்ட லித்தியம் மறுபடி மின்சாரம் தராது. லேப்டாப்பைப் பயன்படுத்தினாலும் தேய்வு உண்டு, பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்தாலும் தேய்வு உண்டு. ஆக, பேட்டரி தேய்வது விபத்துமில்லை, பயனாளரின் குற்றமுமில்லை. தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போதே குறிக்கப்பட்டுவிட்ட முடிவு அது. முழுதாக எத்தனை முறை ஏற்றி இறக்கினால் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு வரும் என்று கணக்கிட்டுத்தான் வடிவமைக்கிறார்கள். ஆப்பிள் தன் இன்றைய மேக்புக்குகளுக்கு 1000 சுற்று என்று வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது. எழுத முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

இதில் வியப்பு என்னவென்றால், தங்களுக்கும் இது தெரியும் என்பதைத் தாங்களே கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். பார்வை இரண்டில் காணும் வாரண்டித் தாளைப் பார்க்க வேண்டுகிறேன். லேப்டாப்புக்கு மூன்று வருட வாரண்டி வாங்கினாலும் பேட்டரிக்கு ஒரு வருடம்தான் என்று பல நிறுவனங்கள் அதில் அச்சிடுகின்றன. காரணமும் அங்கேயே இருக்கிறது: பேட்டரி பயன்பாட்டில் தேயும் பொருள், நாளடைவில் கொள்ளளவு குறைவது இயல்பு, அது பழுதில் சேராது. அற்புதமான, அறிவியல்பூர்வமான வாசகம்! இதே பேட்டரி கையேட்டுக்குள் நுழைந்ததும் தேயாத பொருளாகிவிடுகிறது. கொள்ளளவு குறைவது இயல்பல்ல, சுவர் பிளக்கையும் டிரைவரையும் விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டிய மர்மம். பணம் தங்கள் பையிலிருந்து போகும் இடத்தில் தேய்வு இயற்கை. நேரம் பயனாளர் பையிலிருந்து போகும் இடத்தில் தேய்வு கோளாறு. இன்வெர்ட்டர் பேட்டரி விற்கும் மூலைக்கடைக்காரர் இப்படிக் குழப்புவதில்லை. எத்தனை மாதம் உழைக்கும் என்று கார்டில் எழுதி, வாங்கிய தேதியைக் குறித்து, சீல் வைத்துக் கொடுக்கிறார். ஆயுள் முடிந்தால் பழையதற்கு இவ்வளவு கழித்துப் புதியதற்கு இவ்வளவு என்கிறார். வீட்டு வயரிங்கை அவிழ்த்துப் பார்க்கச் சொல்லி யாரையும் அனுப்புவதில்லை.

தேய்வை அளக்க முடியாது என்றாலாவது கையேட்டை மன்னிக்கலாம். மெஷின் அதை அளந்து வைத்திருக்கிறது. விண்டோஸில் கட்டளைகள் எழுதும் கறுப்புத் திரையைத் திறந்து ‘பவர்சிஎஃப்ஜி’ என்று தொடங்கும் ஒரு கட்டளையை அடித்தால் பேட்டரி அறிக்கை ஒன்று வரும். அதில் ‘டிசைன் கெபாசிட்டி’ என்று ஓர் எண்ணும் ‘ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி’ என்று ஓர் எண்ணும் இருக்கும். முதலாவது பிறந்தபோது பேட்டரி கொள்ளக்கூடியது. இரண்டாவது இன்று கொள்வது. முதலாவது 50,000 மில்லிவாட்-மணி, இரண்டாவது 22,000 என்று இருந்தால், நூற்றுக்கு 44 மிச்சம். விசாரணை முடிந்தது, தீர்ப்பு வெளியானது, அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கையேட்டின் முதல் வரியாக இருக்க வேண்டிய இந்தச் சோதனை, அது இருக்கும் கையேடுகள் பலவற்றில்கூட டிரைவரை நீக்கி, பயாஸை மாற்றி, பயனாளர் களைத்த பிறகே தலைகாட்டுகிறது. போதாக்குறைக்கு, ‘மாதம் ஒருமுறை பேட்டரியை முழுதாக இறக்கி ஏற்றுங்கள்’ என்ற அறிவுரை இன்னும் உலவுகிறது. அது நிக்கல்-காட்மியம் காலத்துச் சரக்கு. லித்தியத்தில் அப்படிச் செய்தால் சதவீதம் காட்டும் மீட்டர் சரியாகலாம். பேட்டரிக்கு நன்மை எதுவும் இல்லை, அடிக்கடி செய்தால் தேய்வுதான் கூடும்.

‘பயனாளர்கள் இருபத்துநாலு மணி நேரமும் சார்ஜில் போட்டே வைக்கிறார்கள், மெத்தை மேல் வைத்துச் சூடாக்குகிறார்கள், பிறகு எங்களைக் குறை சொல்கிறார்கள்’ என்று தாங்கள் பதில் சொல்லலாம். உண்மை இருக்கிறது. நிறைந்த சார்ஜும் வெப்பமும் சேர்வது லித்தியத்துக்கு ஆகாது. கனடாவின் கேடெக்ஸ் நிறுவனம் ‘பேட்டரி யுனிவர்சிட்டி’ என்ற பெயரில் வெளியிடும் அட்டவணைப்படி, 40 சதவீத சார்ஜில் 25 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் இருக்கும் பேட்டரி 96 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கிறது. 100 சதவீத சார்ஜில் 40 டிகிரியில் இருந்தால் 65-க்கு இறங்குகிறது. சித்திரை வெயிலில் வேலூரிலும் திருச்சியிலும் 40 டிகிரி என்பது செய்தியே அல்ல. அப்படியென்றால் மருந்து என்ன? சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி. அது தங்கள் லேப்டாப்புகள் பலவற்றில் ஏற்கெனவே இருக்கிறது. எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு நிறுவனத்தில் பயாஸுக்குள், இன்னொன்றில் தனி ஆப்பில், வேறொன்றில் மூன்று மெனு தாண்டி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெயரில். தப்பித்தவறி அதை யாராவது இயக்கிவிட்டால் திரையின் ஓரத்தில் ‘ப்ளக்டு இன், நாட் சார்ஜிங்’ என்று வருகிறது. பேட்டரி நலமாக இருக்கிறது என்பதற்கான அந்த அறிவிப்பைப் பார்த்துப் பதறி, பயனாளர் மறுபடி தங்கள் கையேட்டைத் திறக்கிறார். சுவர் சுவிட்சிலிருந்து ஆரம்பிக்கிறார். ‘பேட்டரியின் ஆயுளுக்காக 80-ல் நிறுத்தியிருக்கிறோம்’ என்று ஒரு வரி போட எத்தனை பொறியாளர்கள் தேவை? லேப்டாப்பை முதன்முதலில் திறக்கும்போது மொழியைக் கேட்கிறீர்கள், நாட்டைக் கேட்கிறீர்கள், விளம்பர மின்னஞ்சலுக்குச் சம்மதம் கேட்கிறீர்கள். ‘பெரும்பாலும் மேசையில் வைத்துத்தான் பயன்படுத்துவீர்களா?’ என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் குறைந்துபோவீர்களா?

அடுத்து, தங்கள் தரப்பின் மிகப் பலமான வாதம்: பாதுகாப்பு. லித்தியம் தீப்பிடிக்கும், ஆகவே பேட்டரியை உள்ளே வைத்துப் பூட்டுவதும் பசை போட்டு ஒட்டுவதும் பயனாளரின் நன்மைக்கே என்கிறீர்கள். லித்தியம் தீப்பிடிக்கும் என்பதில் இரண்டாம் கருத்தில்லை. எந்த லித்தியம் தீப்பிடித்தது என்று வரலாற்றைப் பார்க்கலாம். 2006 ஆகஸ்டில் டெல் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அதே மாதம் ஆப்பிள் 18 லட்சம். அத்தனையும் சோனி தயாரித்த செல்கள் கொண்ட ஒரிஜினல் பேட்டரிகள்; பயனாளர் ஸ்க்ரூடிரைவரால் வந்த வினை ஒன்றுமில்லை. அப்போது பேட்டரி ஒரு தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு வந்துவிடும். ஆகவே, ‘பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், மாற்று வரும்வரை அடாப்டரில் ஓட்டிக்கொள்ளுங்கள்’ என்று ஒரே அறிவிப்பில் ஆபத்தை மெஷினிலிருந்து பிரிக்க முடிந்தது. 2019 ஜூனில், 2015-க்கும் 2017-க்கும் இடையில் விற்ற 15 அங்குல மேக்புக் ப்ரோ சிலவற்றின் பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று ஆப்பிள் அறிவித்தது. இம்முறை பேட்டரி உள்ளே ஒட்டப்பட்டிருந்தது. மெஷினையே பயன்படுத்தாமல் நிறுத்தி ஒப்படைக்க வேண்டும், திரும்பி வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம் என்றார்கள். நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்த மாடலைப் பயணத்தில் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. கழற்ற முடிந்த காலத்தில் ஆபத்து பேட்டரியோடு போயிற்று; கழற்ற முடியாத காலத்தில் லேப்டாப்பும் கூடவே போயிற்று. இதில் எது பாதுகாப்பு என்று தாங்களே சொல்லலாம்.

‘மெல்லிய லேப்டாப்தானே எல்லோரும் கேட்கிறீர்கள்’ என்பது அடுத்த வாதம். கேட்டது மெலிவை, பசையை யாரும் கேட்ட நினைவில்லை. தங்கள் லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றின் அடிமூடியைத் திறந்தால், பேட்டரி நாலைந்து ஸ்க்ரூவிலும் ஒரு கேபிளிலும்தான் நிற்கிறது. 2021-லிருந்து லேப்டாப் விற்கும் ஃப்ரேம்வொர்க் நிறுவனம், பேட்டரி உட்பட எல்லாவற்றையும் பயனாளரே மாற்றும்படி மெல்லிய மெஷினையே செய்துகாட்டுகிறது. மறுபக்கம், ஆப்பிள் 2022-ல் லேப்டாப்புக்கான உதிரிபாகங்களைப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியபோது, மேக்புக் ப்ரோவுக்குப் பேட்டரி தனியாகக் கிடைக்கவில்லை. கீபோர்டு பொருத்திய மேல்பாகத்தோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. அது மில்லிமீட்டர் கணக்கில் எடுத்த முடிவாகத் தெரியவில்லை.

கடைசி வாதம் டூப்ளிகேட் பேட்டரி. சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் மலிவு பேட்டரிகளில் ஸ்டிக்கரில் போட்ட கொள்ளளவு உள்ளே இருப்பதில்லை, பாதுகாப்பு மின்சுற்றும் நம்பும்படி இருப்பதில்லை என்கிறீர்கள். பலவற்றுக்கு அது பொருந்தும். ஆனால் ஒருவர் அந்தக் கடைக்கு எப்போது போகிறார்? ‘அந்த மாடலுக்கு ஸ்டாக் வருவது நின்றுவிட்டது’ என்று சர்வீஸ் சென்டரில் கேட்ட பிறகு. அல்லது பேட்டரிக்குச் சொன்ன விலையில் பழைய லேப்டாப் ஒன்றையே வாங்கிவிடலாம் என்று தெரிந்த பிறகு. டூப்ளிகேட் சந்தைக்கு வாடிக்கையாளர் பிடித்துக்கொடுப்பது தாங்கள்தான். கமிஷன் மட்டும் வாங்குவதில்லை. சில மாடல்களில் வேறு நிறுவனத்துப் பேட்டரியைப் போட்டால் பயாஸ் அதை ஏற்காமல் சார்ஜ் ஏற்ற மறுக்கிறது. ஒரிஜினல் கிடைக்கும்வரை அது பாதுகாப்பு. கிடைக்காமல் போன மறுநாளிலிருந்து அது நல்ல லேப்டாப்புக்குப் போடும் பூட்டு.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கெல்லாம் பாராட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கவில்லை. 2023-ல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டத்தின்படி, 2027 பிப்ரவரி 18 முதல், சில விதிவிலக்குகள் தவிர, கருவிகளில் உள்ள சிறிய பேட்டரிகளைப் பயனாளரே சாதாரணக் கருவிகளால் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும்; சூடு காட்டியோ கரைப்பான் ஊற்றியோ பிரிக்க வேண்டிய நிலை கூடாது; கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பிறகும் ஐந்து வருடத்துக்கு மாற்றுப் பேட்டரி நியாயமான விலையில் கிடைக்க வேண்டும்; மென்பொருளைக் கொண்டு மாற்றுவதைத் தடுக்கக் கூடாது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ போர்ட்டல் ஒன்றைத் திறந்தது. நல்ல முயற்சி. ஆனால் போர்ட்டல் தகவல் சொல்லும், யாரையும் கட்டாயப்படுத்தாது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், தேய்ந்த பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர் தலையில் வைக்கின்றன. செத்த பேட்டரியைத் திரும்பப் பெறச் சட்டம் இருக்கிறது, அதை லேப்டாப்பிலிருந்து பிரித்தெடுக்க வழி இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஐரோப்பாவுக்காகத் தாங்கள் பேட்டரியைக் கழற்றும்படி வைத்துத்தான் ஆக வேண்டும். அதே மாடலை இங்கே பசை போட்டு விற்றால், தடுத்தது தொழில்நுட்பம் அல்ல என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வாடிக்கையாளரும் இருக்கிறார். தமிழக அரசு 2011-லிருந்து மாணவர்களுக்குத் தன் நிறுவனமான எல்காட் வழியே லேப்டாப் வாங்கிக் கொடுத்துவந்தது. 2025–26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினிக் கருவி தருவதாக அறிவித்தது. தனி ஆள் ஒருவர் சர்வீஸ் சென்டர் கவுன்டரில் நின்று கேட்டால் டோக்கன் கொடுப்பீர்கள். 20 லட்சம் கேட்பவர் டெண்டரில் ஒரு நிபந்தனை எழுதினால் எழுந்து நிற்பீர்கள். பேட்டரி ஸ்க்ரூவில் நிற்க வேண்டும், ஐந்து வருடத்துக்கு இன்ன விலையில் மாற்றுப் பேட்டரி தர வேண்டும் என்ற இரண்டு வரி போதும். வீட்டில் வேறு கணினி இல்லாத மாணவருக்கு, மூன்றாம் வருடப் புராஜெக்ட்டின்போது சுவர் பிளக்கைத் தேடாத லேப்டாப் கிடைப்பது அந்த இரண்டு வரியைப் பொறுத்தது.

ஆகவே தங்களிடம் கேட்பது இலவசமும் அல்ல, நிரந்தரமும் அல்ல. பேட்டரி சாகக்கூடாது என்று யாரும் கேட்கவில்லை. சாகும் என்பதை வாரண்டித் தாளின் பொடி எழுத்திலிருந்து எடுத்துப் பெட்டியின் மேல் அச்சிடுங்கள் என்றுதான் கேட்கிறோம். எத்தனை சுற்றுக்கு எத்தனை சதவீதம் மிஞ்சும், மாற்றுப் பேட்டரி விலை என்ன, எத்தனை வருடம் கிடைக்கும் என்ற மூன்று எண்கள். திருத்திய கையேடு ஒன்றையும் கட்டணமின்றி இத்துடன் இணைத்துள்ளேன். படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

இணைப்பு: முதலில் பேட்டரியின் இன்றைய கொள்ளளவைப் பாருங்கள். 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சார்ஜர், கேபிள், வாட், 80 சதவீத வரம்பு ஆகியவற்றை அந்த வரிசையில் சோதியுங்கள். வெகுவாகக் குறைந்திருந்தால் பேட்டரி தேய்ந்துவிட்டது. தவறு உங்கள் மீது இல்லை. இந்த விலைக்கு இந்தப் பேட்டரியை வாங்கி, கூடவரும் படத்தைப் பார்த்து மாற்றுங்கள். டச்பேட் அழுந்த மறுத்தாலோ, மூடி சேராமல் தூக்கி நின்றாலோ, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கி அணைத்துவிடுங்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், அப்படியே எங்களிடம் கொண்டுவாருங்கள். சுவர் சுவிட்சை நாங்கள் சொல்லாமலே பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்படி பயனாளர்.

நகல்:
1. நுகர்வோர் விவகாரத் துறை, புதுதில்லி: போர்ட்டலுக்குப் பல் முளைக்கச் செய்யும் பொருட்டு.
2. எல்காட், சென்னை: அடுத்த டெண்டரில் மேற்சொன்ன இரண்டு வரியைச் சேர்க்கும் பொருட்டு.
3. ரிச்சி தெரு வியாபாரிகள்: தகவலுக்காக மட்டும், அவர்கள் தரப்பில் நடவடிக்கை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.